பாமினி, வானவில் குறிப்புகளையும் ஸ்கேன் பிடிஎஃப்களையும் எல்லா மாணவர்களும் படிக்கும்படி மாற்றுவது எப்படி?

திருவாரூர்_வரலாறு கேட்டது:

வணக்கம். டெல்டாவில் ஒரு கலைக் கல்லூரி, பி.ஏ. வரலாறு, தமிழ் வழி. இந்தப் பருவத்திலிருந்து பாடங்களையெல்லாம் மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் முழுப் பார்வையின்மை உள்ளவர்கள் இருவர், குறைபார்வை உள்ளவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர். பெரும்பாலோரிடம் கைபேசி மட்டும்தான்.

கையில் இருப்பது இதுதான்: பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த வேர்ட் குறிப்புகள் சுமார் 300 பக்கம், பழைய நூல்களிலிருந்து ஸ்கேன் செய்த அத்தியாயங்கள், 45 நிமிட வகுப்பு வீடியோக்கள், காவிரிப் பாசனப் பாடத்துக்குச் சில வரைபடங்கள். வேர்ட் கோப்பைத் திறந்தால் என்விடிஏ (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான்) ஆங்கிலத்தில் ஏதோ உளறுகிறது. ஸ்கேன் கோப்பில் வாயே திறப்பதில்லை. யூனிகோடில் (எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் பொதுக் குறியாக்கம்) அடித்து பிடிஎஃப் ஆக்கியவற்றைக்கூட திக்கித் திக்கித்தான் படிக்கிறது, அது ஏன் என்று விளங்கவில்லை.

எதை முதலில் தொடுவது, எதை இப்போதைக்கு விடலாம்? காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை.

---

வெண்ணாற்றங்கரை பதில்:

300 பக்கத்தையும் மாற்றிவிட்டு ஏற்றலாம் என்று உட்கார்ந்தால் பருவம் முடிந்துவிடும் சார். முதல் அலகை எடுங்கள். அதைச் சரியாகச் செய்து ஏற்றுங்கள். அடுத்த அலகு வகுப்பில் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் அதன் கோப்பு ஏறியிருந்தால் போதும்.

என்விடிஏ உளறுவதற்குக் காரணம் எழுத்துரு. பாமினி கோப்பில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கணினி வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போடுகிறது, திரைவாசிப்பானுக்கு முகமூடி தெரியாது. ஆக யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு எந்த வேலையைச் செய்தும் பயனில்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம், இந்த வேலைக்குப் போதும். ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு.

குறிப்புக்கு நடுவே வருகிற ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறி, படிக்க முடியாத தமிழ்க் கோர்வையாகிவிடும். மாற்றுவதற்கு முன்பே வேர்டின் கண்டுபிடி-மாற்று பெட்டிக்குப் போய், தேடும் இடத்தைக் காலியாக விட்டு, வடிவமைப்பில் ஆங்கில எழுத்துருவை மட்டும் தேர்ந்தெடுங்கள் (பெரும்பாலும் டைம்ஸ் நியூ ரோமன் இருக்கும்). மாற்றும் இடத்தில் 999^&999 என்று கொடுங்கள். எல்லா ஆங்கிலச் சொல்லுக்கும் இருபுறமும் 999 என்ற வேலி வந்துவிடும். இலக்கங்கள் மாறாமல் இருக்கும் என்பதால் மாற்றிய பிறகு வேலியைத் தேடித் தேடி, பழைய கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொற்களைத் திரும்ப அடித்துவிடலாம்.

பாமினியில் இன்னொரு சிக்கல்: ஆங்கில விசைப்பலகையின் காற்புள்ளி இருக்கும் இடத்தில் 'இ' உட்கார்ந்திருக்கிறது. தட்டச்சு செய்தவர் ஆங்கில எழுத்துருவில் போட்ட காற்புள்ளியெல்லாம் 'சோழர்இ பாண்டியர்இ பல்லவர்' என்று வந்து நிற்கும். ஒரு சொல்லின் கடைசியில் வரும் 'இ' எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். தமிழில் அப்படி முடிகிற சொல் கிடையாது, எனவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். அடுத்து 'ஔ'காரக் குறி. 'கௌ' என்பதை ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்றாக அடித்திருப்பார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, குரல் மட்டும் 'கெள' என்று வாசிக்கும். கௌடில்யர் இருக்கிற பாடத்தில் இது கட்டாயம் வரும்.

மாற்றியபின் முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பகுதியில் மொழியைத் தமிழ் என்று குறிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மொழி ஆங்கிலம் என்றே இருந்தால் என்விடிஏ ஆங்கிலக் குரலுக்குத் தாவி, தமிழ் எழுத்தை விட்டுவிடும் அல்லது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும். என்விடிஏயோடு வருகிற ஈஸ்பீக் தமிழ் வாசிக்கும், குரல் இயந்திரத்தனமாக இருக்கும். விண்டோஸில் தமிழ் மொழித் தொகுப்பைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும், நீண்ட பாடத்துக்கு அது மேல். ஆண்ட்ராய்டில் டாக்பேக் திரைவாசிப்பானும் கூகுளின் தமிழ்க் குரலும் போதும்.

தலைப்புகளைத் தடிமனாக்கி 16 புள்ளியில் போடுவதோடு நிறுத்தக் கூடாது, ஹெடிங் 1, ஹெடிங் 2 ஸ்டைலைக் கொடுங்கள். இணையப் பக்கத்திலும் ஈபப் என்ற மின்னூல் வடிவிலும் என்விடிஏ வைத்திருப்பவர் ஆங்கில எச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார். ஸ்டைல் இல்லாவிட்டால் 40 பக்கக் குறிப்பில் 'குடவோலை முறை' எங்கே என்று முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். அட்டவணையில் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள். கட்டங்களை இணைக்காதீர்கள்.

இனி உங்கள் திக்குகிற பிடிஎஃப். பல மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துகளைச் சொல்லின் வரிசையில் வைக்காமல், கண்ணுக்குத் தெரியும் வடிவங்களின் வரிசையில் வைக்கின்றன. 'கொ'வில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறதல்லவா, உள்ளேயும் கொம்பு, க, கால் என்று போய்விடும். சோதிக்க ஒரு நிமிடம் போதும். பிடிஎஃபில் 'கொள்ளிடம்' என்று கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் 'கொள்ளிடம்' என்று அடியுங்கள். கிடைக்கவில்லையா? ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே தெரிவதைத்தான் உங்கள் மாணவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். தமிழுக்கு நான் பிடிஎஃபைப் பரிந்துரைப்பதே இல்லை. அலுவலகத்துக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் 'பிரிண்ட்' வழியாகப் போகாமல், 'சேவ் ஆஸ்' வழியாகப் போய், அணுகலுக்கான கட்டமைப்புக் குறிகள் என்ற கட்டத்தை டிக் செய்து எடுங்கள். ஆனாலும் மேலே சொன்ன சோதனையைச் செய்யாமல் நம்பாதீர்கள்.

மாணவர்களுக்கு மூடுல் 'பக்கம்' ஆகவோ ஈபப் ஆகவோ கொடுங்கள். டெய்சி கன்சார்டியத்தின் வேர்ட்டுஈபப் இலவசம். ஹெடிங் ஸ்டைல் ஒழுங்காக இருந்தால் வேர்ட் கோப்பு நேராக ஈபப் ஆகிவிடும். கணினியில் தோரியம் ரீடர் நன்றாகப் படிக்கிறது. குறைபார்வை உள்ளவருக்கும் இதே கோப்புதான்: எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். பிடிஎஃபில் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இருபுறமும் சமப்படுத்தி அடித்தால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள், வரி இடைவெளி 1.5.

நிறத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முக்கியமான வரியை எல்லாரும் சிவப்பில் போடுகிறார்கள். வெள்ளைப் பின்னணியில் சுத்தச் சிவப்பின் வேறுபாட்டு விகிதம் 4:1தான் வரும், சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி (இணைய அணுகல் நெறிமுறை) கேட்பது 4.5:1. அடர் சிவப்பாக்கினால் தாண்டிவிடும். அதைவிட முக்கியம், 'சிவப்பில் உள்ளவை தேர்வுக்கு வரும்' என்று எழுதுவதை நிறுத்துவது. குரலில் நிறம் கேட்காது. 'முக்கியம்:' என்று சொல்லால் எழுதுங்கள்.

ஸ்கேன் அத்தியாயங்களுக்கு ஓசிஆர், அதாவது படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் வேலை. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை எடுத்துக் கொடுக்கும். டெசராக்டும் இலவசம்தான், அதற்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். விரித்த இரண்டு பக்கத்தை ஒரே படமாக எடுக்காதீர்கள், இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிழை விழும் இடங்கள் ஓரளவு தெரிந்தவைதான்: ர-வும் காலும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், காணாமல்போன புள்ளி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய கூட்டு வடிவில் இருக்கும், ஓசிஆர் அங்கே தடுமாறும். ஆண்டுகளையும் ஊர்ப்பெயர்களையும் மனிதர்தான் சரிபார்க்க வேண்டும். ஓசிஆருக்குப் போகுமுன் மதுரைத் திட்டம், விக்கிமூலம் ஆகிய இணைய நூல் தொகுப்புகளில் ஒருமுறை தேடிவிடுங்கள். பட்டினப்பாலை மாதிரி நூல்களை ஸ்கேன் செய்து திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை, யூனிகோடில் தயாராகக் கிடக்கிறது.

---

தஞ்சை_தமிழ்த்துறை பதில்:

வெண்ணாற்றங்கரை சொல்வதெல்லாம் சரி, ஆனால் மலைப்பாக இருக்கிறது. இரண்டு மாணவர்களுக்காக இவ்வளவா? நன்றாக வாசிக்கிற மாணவர் ஒருவரைக் கொண்டு பாடத்தை ஆடியோவாகப் பதிந்து வாட்ஸ்ஆப்பில் போட்டால் போதாதா?

---

வெண்ணாற்றங்கரை பதில்:

கூடுதலாகக் கொடுங்கள் மேடம், நல்லதுதான். ஒற்றைத் தடத்தில் 64 கேபிபிஎஸ் வைத்துப் பதிந்தால் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பி, 32 வைத்தால் அதில் பாதி. பேச்சுக்கு இது தாராளம். ஆனால் உரைக்கு மாற்றாகாது. ஆடியோவில் சொல்லைத் தேட முடியாது, ஒரு பத்தியை மேற்கோளாக எடுக்க முடியாது, 'உத்திரமேரூர்' எப்படி எழுதுவது என்று எழுத்தெழுத்தாகக் கேட்க முடியாது. பிரெயில் வாசிப்பவருக்கு ஆடியோவிலிருந்து பிரெயில் வராது, யூனிகோடு உரையிலிருந்து வரும். காது கேளாதவருக்கு ஆடியோவால் எதுவுமே இல்லை. அப்புறம், மாற்றிய கோப்பு இருவருக்கு மட்டும் போவதில்லை. கைபேசியில் படிக்கிற மொத்த வகுப்புக்கும் ஸ்கேன் பிடிஎஃபைவிட அது நூறில் ஒரு பங்கு டேட்டாவில் இறங்கும்.

---

மயிலாடுதுறை_சிறப்புக்கல்வி பதில்:

காது கேளாத மாணவரைப் பற்றி யாரும் பேசவில்லையே.

45 நிமிட வீடியோவை அப்படியே ஏற்றாதீர்கள். 8 முதல் 10 நிமிடத் துண்டுகளாக்குங்கள், ஒரு துண்டுக்கு ஒரு கருத்து. சப்டைட்டில் போடுவது கையால் என்றால் ஒரு மணி நேர வீடியோவுக்கு ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். இதைக் குறைக்க, பேசுவதற்கு முன்பே எழுதிவைத்துக்கொண்டு பேசலாம். இல்லையென்றால் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சில் தமிழைத் தேர்ந்தெடுத்து வீடியோவை ஓடவிட்டு முதல் வரைவை எடுக்கலாம். நிறுத்தக்குறி வராது, பெயர்களைத் தப்பாக அடிக்கும், ஆங்கிலம் கலந்து பேசிய இடம் குழம்பும். ஆனாலும் வெறும் தாளிலிருந்து தொடங்குவதைவிட மேல். தானாக வந்ததைத் திருத்தாமல் போடுவது மட்டும் கூடாது. 'கரிகாலன்' வேறு என்னவோவாக வந்தால் கேட்பவருக்குப் பிழை என்று உடனே தெரியும், எழுத்தை மட்டும் நம்பியிருப்பவர் அதையே பாடமாகப் படித்துவிடுவார்.

சப்டைட்டில் எடிட் இலவச மென்பொருள். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழில் வரி சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால் வரியைச் சொற்றொடர் முடிகிற இடத்தில் உடையுங்கள், 'கல்லணைக் / கால்வாய்' என்று பிளக்காதீர்கள். முடிந்ததும் விடிடி என்ற சப்டைட்டில் கோப்பு வடிவில், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். வேறு குறியாக்கம் என்றால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாக வரும். மூடுலில் வீடியோவைச் செருகும்போது சப்டைட்டில் கோப்புக்குத் தனி இடம் இருக்கிறது, மொழியைத் தமிழ் என்று குறியுங்கள்.

படம்பிடிக்கும்போது ஆசிரியரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் உதடு தெரியாது. உதட்டைப் படித்தே எல்லாம் புரிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம், ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும்.

இன்னொன்று. சைகைமொழியில் வளர்ந்த மாணவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழியாக இருக்கலாம். சப்டைட்டில் போட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. அலகுக்கு இருபது முப்பது கலைச்சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கமும் ஒரு படமும் சேர்த்து முன்கூட்டியே கொடுங்கள். புதுதில்லியில் உள்ள இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000 சொற்களுக்கான சைகை வீடியோக்கள் இருக்கின்றன. உங்கள் கலைச்சொல்லுக்கு அதில் சைகை இருந்தால் இணைப்பைக் கொடுங்கள். இல்லாவிட்டால் மாணவரையும் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு ஒரு சைகையை வகுப்புக்கு நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். நீங்களாக ஒன்றைக் கண்டுபிடிக்காதீர்கள்.

---

திருவாரூர்_வரலாறு:

மிக்க நன்றி. 'கொள்ளிடம்' சோதனையை இப்போதே செய்து பார்த்தேன், கிடைக்கவில்லை! மூன்று சந்தேகங்கள் மிச்சம். பாசன வரைபடத்துக்கு மாற்று உரை எப்படி எழுதுவது? மூடுல் வினாடிவினாவில் கூடுதல் நேரம் எப்படிக் கொடுப்பது? பதிப்பாளர் நூலை இப்படி மாற்றி ஏற்றினால் சட்டச் சிக்கல் வராதா?

---

மூடுல்_நிர்வாகி_கும்பகோணம் பதில்:

வரைபடம்: 'காவிரி டெல்டா வரைபடம்' என்று மட்டும் எழுதினால் அது படத்தின் பெயர்தான், பாடம் அதில் இல்லை. மாற்று உரையைச் சிறியதாக வைத்து, விரிவான விளக்கத்தைப் படத்துக்குக் கீழே எல்லாரும் படிக்கும்படி போடுங்கள். அந்தப் படம் வகுப்பில் எதற்குப் பயன்படுகிறதோ அதை எழுதினால் போதும், கோட்டின் நிறமும் தடிமனும் தேவையில்லை. இப்படி:

'கல்லணையில் நீர் நான்காகப் பிரிகிறது. வடக்கிலிருந்து தெற்காக: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் (புது ஆறு). கொள்ளிடம் வெள்ள வடிகாலாகவும் இருக்கிறது, மற்ற மூன்றும் பாசனத்துக்கு. காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு முதலியவையும், வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு முதலியவையும் பிரிந்து கிழக்கே போகின்றன. காவிரி பூம்புகார் அருகே கடலில் கலக்கிறது.'

இதைப் படிக்கிற பார்வையுள்ள மாணவருக்கும் படம் அப்போதுதான் புரியும் என்பது என் கணிப்பு. வீடியோவிலும் இதே விதிதான். 'இது இப்படிப் போய் இங்கே சேருது' என்று கோலை நீட்டாமல், 'வெண்ணாறு தெற்கே பிரியுது' என்று பெயரைச் சொல்லுங்கள்.

கூடுதல் நேரம்: மூடுல் வினாடிவினாவைத் திறந்து ஓவர்ரைட்ஸ் பகுதியில் பயனர் ஓவர்ரைட் சேருங்கள். மாணவரைத் தேர்ந்தெடுத்து நேர வரம்பை மாற்றினால் அவருக்கு மட்டும் மாறும், மற்றவர்களுக்குத் தெரியாது. 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதல் ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னது. 60 நிமிடத் தேர்வுக்கு 80, 90க்கு 120. வழக்கமாக நடக்கும் கோளாறு: நேர வரம்பை நீட்டிவிட்டு, தேர்வு மூடும் நேரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். 10 மணிக்குத் தொடங்கும் தேர்வு 11 மணிக்கு மூடினால் 80 நிமிடம் ஏட்டில்தான். இரண்டையும் சேர்த்து நீட்டுங்கள்.

நேரம் முடிந்தால் விடைகள் தானாகச் சமர்ப்பிக்கப்படும் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். எழுதுவதை மூடுல் இடையிடையே தானாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது, அணைந்திருந்தால் இயக்கச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் வைக்கிற தேர்வை ஒரு மணி நேரம் மட்டும் திறந்து வைக்காதீர்கள். மின்சாரமும் டவரும் போகும் ஊர்களில் இருந்து எழுதுகிறார்கள். 48 மணி நேரம் திறந்து வைத்து, தொடங்கியதிலிருந்து நேரம் ஓடும்படி விடலாம்.

கேள்வி வகையில் படத்தின் மேல் இழுத்துப்போடுவதைத் தவிருங்கள், பார்வையற்றவருக்கு அது சுவர். 'பொருத்துக' வகை கீழிறங்கு பட்டியலாக வருவதால் விசைப்பலகையிலேயே எழுத முடியும். இணைப்புக்கு 'இங்கே சொடுக்கவும்' என்று பெயர் வைக்காதீர்கள். திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுப்பவருக்கு ஒரே 'இங்கே' பத்து முறை வரும். கோப்புப் பெயரும் அப்படித்தான். 'ஸ்கேன்003' என்று இருந்தால் யாருக்குமே புரியாது.

வீடியோவை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 480பி-க்கு இறக்குங்கள். படமும் ஒலியும் சேர்த்து 500 கேபிபிஎஸ் வைத்தால் 10 நிமிடத் துண்டு 38 எம்பிக்குள் அடங்கும். முன்னால் உட்கார்ந்து பேசுகிற வீடியோவுக்கு அதற்குமேல் தேவையில்லை. கரும்பலகை எழுத்து மங்கினால் 720பி வையுங்கள்.

---

நூலகர்_நாகை பதில்:

சட்டத்துக்கு மட்டும் பதில். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்றுவதை அனுமதிக்கிறது. அவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பும் செய்யலாம், தனி ஆளும் செய்யலாம். லாப நோக்கம் இருக்கக் கூடாது, கோப்பு அவர்களுக்கு மட்டும் போக வேண்டும். ஆகவே பதிப்பாளர் நூலிலிருந்து எடுத்த அத்தியாயத்தை மொத்த வகுப்புக்கும் திறந்துவிடாதீர்கள். மூடுலில் குழு ஒன்று உருவாக்கி, அணுகல் கட்டுப்பாட்டில் அந்தக் குழுவுக்கு மட்டும் காட்டுங்கள். உங்கள் சொந்தக் குறிப்புக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

மாற்றத் தொடங்குமுன் சுகம்ய புஸ்தகாலயாவில் (அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கான இணைய நூலகம்) அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று மாணவர் பெயரில் பதிவு செய்து பாருங்கள். முதல்வரிடம் ஸ்கேனருக்கும் ஆளுக்கும் பணம் கேட்கும்போது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும், பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதலையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். கருணை கேட்கிற தொனியில் எழுதினால் கோப்பு மேசையிலேயே கிடக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறை: மாற்றிய வேர்ட் மூலக் கோப்பைத் துறையின் பொது டிரைவில் அலகுவாரியாகப் போட்டுவையுங்கள். ஈபப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைத்தால் அடுத்த ஆண்டு பாடத்திட்டம் மாறும்போது மறுபடி பாமினியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.